அத்தா சொல்ல வேண்டிய ஒரு வரி

பேகம்பூர், திண்டுக்கல்
வியாழக்கிழமை

அன்புத் தோழி ரூபிக்கு,

பாஸிலாவின் ஸலாம். கன்னியர் மடத்தில் சேர்ந்ததும் உன் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே, உன் அண்ணன் ரோஷன் சொன்னார். அதனால்தான் காகிதம். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரும்போது இதை அவரே கொடுப்பார். உடம்பு நன்றாக இருக்கிறதா? விடியும் முன்பே எழுப்பிவிடுகிறார்களா? கல்லூரியில் காலை முதல் வகுப்பிலேயே தூங்கி விழுந்தவள் நீ. பாவம் அந்த சிஸ்டர்கள்.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை ரூபி. பி.காம் முடித்ததிலிருந்து ரெஸ்யூம், ரெஸ்யூம், ரெஸ்யூம். எழுத்தைப் பெரிதாக்குகிறேன், சிறிதாக்குகிறேன், போட்டோவை மாற்றுகிறேன். 'உங்கள் குறிக்கோள்' என்ற இடம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். மடத்துக்கு எழுதிக் கொடுத்தபோது நீ ஒரே வரியில் முடித்துவிட்டாயே, எனக்கு இன்றுவரை பொறாமை.

'அனுபவம்' என்ற இடத்தில் மட்டும் கை தயங்கவில்லை. அத்தாவின் பிரியாணிக் கடைக்கு வரும் கல்யாண ஆர்டர்களை மூன்று வருடமாக நான்தானே பார்க்கிறேன். எத்தனை தலைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு கறி, வேன் எப்போது கிளம்ப வேண்டும், எல்லாம் கடைக்குப் போகாமலே, கடைப் பெயரில் போனில் செய்தி அனுப்பித்தான். தாடிக்கொம்புக் கல்யாணத்துக்குப் பிரியாணிக்கு ஊற்றும் தால்சா போய்ச் சேராமல் பெண் வீட்டார் குதித்தார்களே, அவர்களைச் சமாதானப்படுத்தியதும் நான்தான். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் போனில் தட்டுவதை ஆசிரியர் பார்க்காதபடி மறைத்தது நீ.

தவறு செய்தது தொடர்பு எண்ணில். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளின் நம்பரை வெளியாருக்குக் கொடுப்பதில்லை. பழக்க தோஷத்தில் அத்தாவின் நம்பரையே போட்டுவிட்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு கேட்டரிங் கம்பெனி. என் மாமி குர்ஷித் பேகம் அந்த ஊரிலேயே இருப்பதால், விண்ணப்பிக்க அத்தா சரி என்றுதான் சொல்லியிருந்தார். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே, "ஒரு பொம்பள போன் பண்ணுச்சு. ஒங்க மக கடையில வேல பாத்தாளான்னு கேக்குது. எங்க வீட்டுப் பொம்பளப் புள்ளைக கடப் பக்கமே வராதுகன்னு நறுக்குன்னு சொல்லிட்டேன்" என்றார். என் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை முகத்தில்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. ரெஸ்யூமில் பொய் எழுதியவள் ஆகிவிட்டேனே. "ஏங்க, அம்புட்டு ஆர்டரையும் யாரு பாத்தா? ஜின்னு வந்து பாத்துச்சாக்கும்?" என்று அம்மாதான் கேட்டாள். அத்தா தொப்பியைக் கழற்றி மடித்து வைத்தார்.

மறுநாள் என் நம்பரிலிருந்து நானே அந்தக் கம்பெனி மேடத்தை அழைத்து விளக்கினேன். அவர் கறாராக, "உங்க அப்பாவே இல்லைன்னு சொல்றாரேம்மா. நாளன்னைக்கு இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை அவரையும் கூட்டிட்டு வாங்க, அவரே சொல்லட்டும்" என்றார். அதை அத்தாவிடம் சொன்னேன். "நீ வேலைக்குப் போத்தா, நான் தடுக்கல. மகள ஒழைக்க விட்டுத் தின்னான்னு ஊரு பேசும். நீ கட வேல பாத்தத மட்டும் என் வாயால சொல்லச் சொல்லாத" என்றார். பிறகு சோறுகூடச் சரியாகச் சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போய் நிற்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர் சுவரைப் பார்க்கிறார். இதற்கிடையில் நிலக்கோட்டைக் கல்யாண ஆர்டர் வேறு. வேண்டாம் என்று வீம்பாக இருக்கப் பார்த்தேன். முடியவில்லை, அரிசிக் கணக்கை நானேதான் போட்டு அனுப்பினேன்.

இன்று காலை அத்தா வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறார். நிலக்கோட்டைக்கா, கோயம்புத்தூருக்கா என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

ரூபி, நான் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். நீயும் உன் மாதாவிடம் சொல்லு. வேலைக்காகக் கேட்க வேண்டாம், இது இல்லையென்றால் இன்னொன்று தேடிக்கொள்வேன். 'எல்லாத்தையும் எம் மகதான் பாத்துக்கிட்டா' என்று அத்தா ஒரு தடவை சொல்ல வேண்டும். அப்போது நான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காக மட்டும் கேள்.

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்,
பாஸிலா