வாசலில் எந்தக் கால்

ஸ்காபரோ, பங்குனி 1976

அன்பின் உமக்கு,

புது அபார்ட்மென்டுக்கு மாறிவிட்டேன். கட்டில் தூக்க மேல்மாடி ராமிரோ வந்தார். ஸ்பெயினில் பத்து வருஷம் முதல் பிரிவு உதைபந்தாட்டத்தில் பந்தடித்தவர். முழங்கால் முறிந்தபின் இங்கே சின்னக் கிளப் ஒன்றுக்கு ஆடுகிறார்.

வாசலில் அவர் இடது காலைத் தூக்க, "ஐயோ, வலது காலை வையுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். விளக்கம் சொன்னதும் சிரித்தார். மைதானத்துக்குள் அவர் எப்போதும் இடது காலைத்தான் முதலில் வைப்பாராம். கோல் அடித்துச் சோறு போட்ட கால். ஒரே ஒரு நாள் மறந்து வலதை வைத்தாராம். அன்றைக்குத்தான் முழங்கால் முறிந்ததாம்.

அப்படியென்றால் எந்தக் கால்தான் சரி? பிறகு அவர் எதை வைத்து உள்ளே வந்தார் என்றுகூட நான் கவனிக்கவில்லை. கட்டில் பாரம்.

நீர் எங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஐயா காலமானபோது, "இடக்காலை வைச்செல்லோ வந்தவள்" என்று அம்மா உம்மைச் சொன்னா. மறுநாள் நீர் தாய்வீட்டுக்குப் போனீர். கலியாணத்தன்று உம்முடைய காலை நானும் பார்க்கவில்லை. அதை அம்மாவிடம் சொல்லவுமில்லை.

கட்டில் இரண்டு பேருக்கானது. விமான டிக்கெட் இந்தக் கடித உறைக்குள் இருக்கிறது. நீர் வரும்போது வாசலில் நான் உம்முடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உம்முடைய
இவர்