நாலரைக் கட்டை

3 ஜூன் 2024, திங்கள்

பதின்மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

ஏரலிலிருந்து பாடகர் நூர்முகம்மதின் மருமகன் தாஜ் முகம்மது பேசினார். மாமா மேடையேறி ஐம்பது வருடமாம். விழா எடுக்கிறார்கள், கட்டுரைகள் சேர்த்து விழா மலரும் போடுகிறார்கள். "நீங்க பதினாறு வருசம் மாமாவுக்கு ஆர்மோனியம் வாசிச்சீங்கள்லா சார். அந்த மழைப்பாட்டுக் கேசட்டப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுங்க. அவுக குரலோட உச்சம் அதுதானே?"

உச்சம்! எழுதுகிறேன் என்றேன். பெயரைப் போட்டு, பக்கத்தில் எம்.எஸ்ஸி.யும் போட்டு எழுதுவேன்.

5 ஜூன்

வள்ளியூர் கல்யாண மண்டபம், 2011. கொஞ்ச நாளாகவே மேலே போனால் நூர்முகம்மதுக்குத் தொண்டை பிசிறிக்கொண்டிருந்தது. நாலரைக் கட்டை சுருதியில் பிடித்தால் மூன்றாம் சரணத்தில் உடைந்துவிடுவார் என்று பயந்து, சொல்லாமல் அரைக் கட்டை இறக்கி, நாலில் பிடித்தேன். இரண்டே வரி. பாட்டை நிறுத்தினார். மைக்கை மூடவில்லை.

"ஏலே, யாருலே உன்ட்ட இறக்கச் சொன்னா? கேசட்டுல நாலரைதானலே? கெழவன்னு நெனச்சியோ? பெட்டியத் தூக்கிட்டு எறங்குலே."

அறுநூறு பேர் சிரித்தார்கள். முதல் வரிசையில் என் தலைமையாசிரியர். பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒலியலை பாடம் எடுத்தேன். பின்வரிசையில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "சார், நாலரைதான சார்?"

8 ஜூன்

கட்டுரையை முடித்துவிட்டேன். சாரம் இதுதான்.

1997. பேட்டையில் பெருமாள்ராஜின் ஒலிப்பதிவு அறை. பக்கத்து லேத் பட்டறை ஓடாத ஞாயிற்றுக்கிழமை. அல்லாஹ்விடம் மழை கேட்கும் அந்த மழைப்பாட்டை நூர்முகம்மது நாலு கட்டையில்தான் பாடினார். நன்றாகவே பாடினார். பாடிவிட்டு ஏரலுக்குப் போய்விட்டார். ஓட்டிப் பார்த்தால் மழைப்பாட்டு வரும் பக்கம் முப்பத்தொன்றே முக்கால் நிமிடம். கேசட்டில் ஒரு பக்கத்துக்குப் பிடிப்பதோ முப்பது. பெருமாள்ராஜ் நாடாவைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பிரதி எடுத்தார். வேகம் கூடினால் குரலும் ஏறும். அரைக் கட்டை ஏறியது. ஊரே கொண்டாடும் அந்த நாலரைக் கட்டைக் குரல், ஒரு மோட்டாரின் குரல்.

மேடையில் அவர் உட்கார்ந்திருக்கும்போது ஊரார் மலரை விரித்துப் படிக்கட்டும்.

9 ஜூன்

இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை.

12 ஜூன்

என் மனைவி வடிவு கட்டுரையை எடுத்து வாசித்திருக்கிறாள். காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவரு ஒரு நாளு வைதாரு. நீங்க பதிமூணு வருசமா தெனம் வைதுக்கிட்டு இருக்கீய. இன்னும் தீரலையாக்கும்?"

"உனக்குப் புரியாது" என்றேன்.

"புரியுது. பெருமாள்ராஜ் அண்ணாச்சி மோட்டாரத் திருகுனாரு, சரி. நீங்க அப்ப எங்கன நின்னீய?"

கட்டுரையை மடித்து நோட்டுக்குள் சொருகினேன்.

15 ஜூன், சனி

தாஜ் முகம்மது வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு அனுப்பினார். போன வாரம் நூர்முகம்மதின் வீட்டில் எடுத்ததாம். மின்விசிறிச் சத்தம், தெருவில் ஒரு ஸ்கூட்டர், நடுவில் அவர். தொண்டை அறுவைக்குப் பிறகு நாலு வருடம் பாடவேயில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மழைப்பாட்டு. எந்தக் கட்டை என்று பார்க்க ஆர்மோனியத்தைத் திறந்தேன். ஒரு கட்டை அமுங்கியபடி எழவில்லை, விரலால் தூக்கிவிட்டேன்.

இரண்டு. நாலரையில் பாடியவர் இரண்டில் பாடுகிறார்.

முன்பெல்லாம் மூன்றாம் சரணத்தில் 'மழை' என்ற சொல்லை மேலே தூக்கி எறிவார், கூட்டம் விசிலடிக்கும். இப்போது அதைக் கீழே வைக்கிறார். வைத்துவிட்டு, கேட்டது கிடைக்குமா என்று தெரியாதவர் போலச் சற்று நிற்கிறார். அப்புறம்தான் அடுத்த வரி. நான் வாசித்த பதினாறு வருடத்தில் ஒருநாள்கூட இப்படிப் பாடியதில்லை. சனியன், கண் கலங்குகிறது. எனக்கு எதற்கு?

பாட்டு முடிந்தும் பதிவு ஓடுகிறது. தாஜ் கேட்கிறார்: "என்ன இருந்தாலும் அந்தக் கேசட்டு மாதிரி வராதுல்லா மாமா?"

"அது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல மருமவனே. அல்லாஹ் ஒரு நாளு குடுத்தான், பெறவு எடுத்துக்கிட்டான். நான் என்ன தப்பு செஞ்சேன்னு இருவத்தேழு வருசமா தேடுதேன்."

17 ஜூன்

இன்று பக்ரீத், விடுமுறை. நாள் முழுக்க அந்தக் கடைசி வாக்கியம்.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுத வேண்டும். நாடாவை வேகமாக ஓட்டலாம் என்று சொன்னது நான்தான். பெருமாள்ராஜ் ஒரு சரணத்தை வெட்டலாம் என்றுதான் சொன்னார். எம்.எஸ்ஸி. இயற்பியல் அல்லவா, நூற்றுக்கு ஆறு கூட்டினால் போதும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். "நூர்முகம்மது அண்ணாச்சி கண்டுபிடிச்சிர மாட்டாரா வே?" என்றார். "கண்டுபிடிச்சா சொல்லிக்கிடலாம்" என்றேன்.

அவர் கண்டுபிடிக்கவில்லை. கேசட்டைக் கேட்டுவிட்டுக் குழந்தை மாதிரிச் சிரித்தார். "பேச்சிராஜு, இது நானாலே?" "நீங்கதான் அண்ணாச்சி" என்றேன். அன்றிலிருந்து மேடைக்கு மேடை நாலரை கேட்டார். நானும் பிடித்தேன். பதினாலு வருடம், தன்னுடையது அல்லாத ஒரு குரலைத் துரத்தித் தொண்டையைக் கிழித்துக்கொண்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து துருத்தி அமுக்கினேன். வள்ளியூரில் ஒருநாள் இறக்கினேன், அது எனக்குப் பெரிய தியாகம்.

சொல்லியிருந்தால்? ஒரு வாரம் வைதிருப்பார். அவ்வளவுதானே!

18 ஜூன்

மலருக்கு எழுத முடியவில்லை என்று தாஜ் முகம்மதிடம் சொல்லிவிட்டேன். "சரி சார்" என்றார், குரல் இறங்கி. கட்டுரையைக் கிழித்தேன்.

19 ஜூன், புதன்

ஒரே பக்கக் கடிதம், நூர்முகம்மதின் வீட்டு விலாசத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை, லேத் பட்டறை, முப்பத்தொன்றே முக்கால் நிமிடம், யோசனை யாருடையது, எல்லாம் எழுதினேன். அப்புறம் இது: "அன்று நீங்கள் பாடியது நாலு. அதற்கு மேலே ஒன்று உங்களுக்குக் கொடுக்கப்படவும் இல்லை, உங்களிடமிருந்து எடுக்கப்படவும் இல்லை. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இப்போது இரண்டில் பாடுகிறீர்களே, அதுதான் உச்சம். இதில் எனக்குச் சந்தேகமில்லை."

வள்ளியூரை நான் மன்னிக்கவில்லை. அது வேறு. கடிதத்தில் அந்த ஊரின் பெயர் வராமல் பார்த்துக்கொண்டேன்.

கீழே பேனா நின்றது. பெயரைப் போட்டால் பதில் எதிர்பார்க்கிறேன் என்றாகும். அந்தத் தகுதி எனக்கு இல்லை. அன்று பிரதி எடுக்கையில் அந்த அறையில் நின்றது இரண்டே பேர். பெருமாள்ராஜ் இறந்து ஆறு வருடமாகிறது. எழுதியது யார் என்று நூர்முகம்மதுக்குத் தெரிந்துவிடும்.

பெயர் போடாமலே ஒட்டிவிட்டேன். காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட வேண்டும்.