எங்கள் ஆள் இல்லை

தம்பி,

காலையில் கிள்ளான் பாசாரில் வாங்கிய மீனைப் பிரித்தேன். சுற்றியிருந்த பேப்பரில் உன் முகம். மீன் ரத்தம் கன்னத்தில் ஊறியிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் கேலிச்சித்திரக்காரருக்கு நினைவு விழா'. கறை படிந்திருந்ததால் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். எங்களாம்!

நீ எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இருந்தவன் இல்லை. வீட்டில் வரைந்து, மோட்டார் சைக்கிளில் இந்தப் பத்திரிகையின் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பாய். மை போடுவதற்குமுன் பென்சில் படத்தை என்னிடம் நீட்டுவாய். "யாருன்னு சொல்லுக்கா." அடுப்பிலிருந்து திரும்பிய வேகத்தில் நான் பெயர் சொல்லவேண்டும். யோசித்தால் கிழித்துவிடுவாய். "பேர் எழுதிக் காட்டினா அது படமா?"

அந்த லிஃப்ட் படத்தையும் அப்படித்தான் காட்டினாய். அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டு, கிழடுகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் படியேறிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அரிசி மூட்டையோடு போட்டோவுக்கு வந்த 'ஒய்.பி.' என்று ஊரே கூப்பிடும் சட்டமன்ற உறுப்பினரின் தலை, உன் படத்தில் ஊதிப்போய் லிஃப்ட் கதவில் சிக்கியிருந்தது.

"அட, நம்ம ஒய்.பி.டா!" என்று சிரித்தேன். இன்று காட்டினாலும் சிரிப்பேன்.

"தலைய இன்னும் பெருசாக்கு லா" என்று போனில் சொன்னவரே அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்தான். ஒய்.பி. ஆட்கள் ஆபீசில் வந்து நின்றதும் மறுநாளே மன்னிப்புப் போட்டார்: 'வரைந்தவர் எங்கள் ஆள் இல்லை.' அதற்குப்பின் எந்தப் பத்திரிகையும் உன் படத்தை வாங்கவில்லை.

கல்யாண விருந்துகளில் ஓரமாக உட்கார்ந்து வந்தவர்களை வரைந்தாய். "பல்லு பெருசா இருக்கு அங்கிள், மாத்துங்க" என்பார்கள். மாற்றினாய். அந்தப் படங்களை நீ என்னிடம் காட்டவே இல்லை. அப்படி ஒரு மண்டபத்திலேயே சரிந்து விழுந்தாய். உன் சாவுக்கு அந்த ஆபீசிலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை.

இன்று மத்தியானம் ஆசிரியர் போன் செய்தார்.

"அக்கா, நீங்க மேடைக்கு வரணும். பொன்னாடை போத்துறோம்."

"எங்க ஆள் இல்லைன்னு போட்டீங்களே, அது தப்புன்னு அதே பக்கத்துல போடுங்க. வரேன்."

"பழசெல்லாம் இப்ப எதுக்குக்கா?"

"உங்களுக்குப் பழசு."

"மேலிடத்துல கேக்கணும்..."

"கேட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

கூப்பிடமாட்டார், தெரியும். விழா நடக்கும், ஒய்.பி.யே வந்து விளக்கேற்றினாலும் ஏற்றுவார். நான் போகப்போவதில்லை. உன்னை நல்லவன், வல்லவன் என்று யார் என்னிடம் வந்து கண்கலங்கினாலும், அவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: 'எங்கள் ஆள் இல்லை' என்று போட்ட அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?



அக்கா