மாணவர் எவரும் தேவைப்படவில்லை

ஜூலை 14

அன்புள்ள துணைவிக்கு,

இங்கு நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதுவதே முறை. ஆயினும் பருவம் மாறும்போது உனக்குத் தொண்டை கட்டுவது வழக்கம் ஆகையால் இந்நேரம் கட்டியிருக்கும். மாத்திரைகளை இத்துடன் அனுப்பியுள்ளேன். உணவுக்குப் பின் ஒன்று.

கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. எடை அளவு அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவன் ஐம்பது வயதில் இளங்கலைக் கல்வியியல் படிப்பதற்கு விதியில் தடை ஏதும் இல்லை என்பதைச் சேர்க்கைப் பிரிவினருக்கு நானே பக்க எண்ணோடு எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. உடன் படிப்போர் எல்லாரும் நம் மகன் வயதினர். முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகே விஷயம் விளங்கி அவர்களும் அமர்ந்தார்கள். இப்போது என்னைப் பெரியப்பா என்று அழைக்கிறார்கள். மறுப்பதற்கு முகாந்திரம் இல்லை.

தற்போது நுண்நிலைக் கற்பித்தல் நடைபெறுகிறது. முழுப் பாடத்தையும் நடத்தாமல், கற்பித்தலின் ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நடத்திக் காட்ட வேண்டும். உடன் படிப்போரே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். பேராசிரியை பின்னால் அமர்ந்து குறிப்பெழுதுவார். எனக்கு வந்த திறன் வினாக் கேட்டல். தலைப்பை எடையும் அளவும் என்று வைத்துக்கொண்டேன். பணிக்காலம் முழுவதும் தராசுகளைச் சரிபார்த்தவனுக்கு வேறென்ன வேண்டும்? வினாக்களை எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசைப்படுத்தி, நேரம் முடியுமுன்பே முடித்தும் விட்டேன்.

பேராசிரியை எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்: "வினாக்கள் சிறப்பு. விடைகளும் சிறப்பு. இரண்டையும் ஆசிரியரே சொல்லிவிட்டதால் மாணவர் எவரும் தேவைப்படவில்லை."

இது நியாயமா? இல்லை. கேட்டவுடன் எவரும் வாய் திறக்கவில்லை. வீணாகும் நேரத்தை நான் மிச்சப்படுத்தினேன். ஆயினும் மறுகற்பித்தல் செய்ய வேண்டுமாம். செய்வேன்.

உன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை மிகுதியா? மிகுதியாகத்தான் இருக்கும். ஆகவே நீண்ட பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

இங்ஙனம்,
உன் கணவன்

ஆகஸ்ட் 3

கடைசி பெஞ்சுப் பெரியப்பாவுக்கு,

எனக்குத் தொண்டை கட்டவில்லை. என் பக்கத்து மேசைக்காரருக்குக் கட்டியிருந்தது. மாத்திரையை அவரிடம் கொடுத்தேன். உங்கள் கணவர் தீர்க்கதரிசி, ஆளைத்தான் மாற்றிவிட்டார் என்றார்.

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். பேராசிரியை எழுதிய குறிப்பு வந்த இடத்தில் என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த ஓர் அம்மா பையை மடியில் இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். அந்தப் பேராசிரியையை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருக்கிறாரே! எனக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் பிடித்தது.

போன் வேண்டாம், கடிதம் எழுதுவோம் என்று நான் சொன்னதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும்தானே? கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்றுதான். நீங்களோ இதிலும் வழி கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் உறையைப் பிரிக்கிறதற்குள் என் பதில் எனக்கே வந்துவிடுகிறது. வேலை மிகுதியாகத்தான் இருக்கும் என்கிறீர்கள். இந்த மாதம் வேலையே இல்லை. ஈயோட்டுகிறோம்.

என் மாடி அறை எப்போதோ பழகிவிட்டது. கீழே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. சாயங்காலம் விளக்குகூடப் போடாமல் ஜன்னலருகே சும்மா உட்கார்ந்து அவர்கள் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய், தலைவலியா, தலைவலிதான் என்று சொல்ல ஆளில்லை.

ஒரு செய்தி. இடமாற்றத்தில் வந்து இரண்டு வருஷம் முடித்தவர்களிடம் விருப்பப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பழைய ஊருக்கே போகிறோமா, இங்கேயே இருக்கிறோமா என்று வருஷக் கடைசிக்குள் எழுதித் தரவேண்டும். மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இன்னும் நிரப்பவில்லை.

சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா? மறுகற்பித்தல் என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
விடுப்பில் இருக்கும் மனைவி

செப்டம்பர் 9

அன்புள்ள துணைவிக்கு,

குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று. மறுகற்பித்தலில் தேர்ச்சி பெற்றேன், மகிழ்ச்சி இல்லை.

இம்முறை வினாவைக் கேட்டுவிட்டு, விதிப்படி, காத்திருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். எங்கள் வகுப்பில் ஒரு பெண், வெடுக்கென்று பேசுவதால் பட்டாசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையாக நடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நடிப்பை நிறுத்திவிட்டு, "பெரியப்பா, நீங்க காத்திருக்கிறது வகுப்பு மாதிரியே இல்ல. கடையில சோதனைக்கு வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியையும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். காத்திருப்பதற்கு இவ்வளவு நேரம் என்று விதி இருக்கிறது. எப்படி என்று பாடநூலில் எந்த வரையறையும் இல்லை. இது பாடத்திட்டத்தின் குறை.

விருப்பப் படிவம் பற்றி எழுதியிருந்தாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. நீ திரும்பி வரவே விரும்புவாய். ஆகவே ஆவன செய்துவிட்டேன். கிழக்கு பார்த்த அறையில் இருந்த என் கோப்புகளை அகற்றி, உன் மேசையை அங்கே போட்டு, சுவருக்கு நீலம் அடிக்கச் சொல்லிவிட்டேன். உனக்கு நீலம் பிடிக்கும். சென்ற திங்களன்று உன் பழைய அலுவலகத்துக்கு நேரில் சென்று, ஜனவரியில் நீ வந்து சேர்ந்துவிடுவாய் என்று மேலாளரிடம் தெரிவித்தேன். அவர் மிக மகிழ்ந்தார். உன் பழைய நாற்காலியையே தருவதாகச் சொன்னார்.

படிவத்தை நிரப்பிவிட்டு ஒரு வரி எழுது.

இங்ஙனம்,
உன் கணவன்

அக்டோபர் 1

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பழைய மேலாளருக்கு, இல்லை, என் பழைய மேலாளருக்கு, நானே போன் செய்து பேசினேன். அவர் கேட்டது என் வாக்கு இல்லை என்று சொன்னேன். பாவம், மனிதர் நாற்காலியைத் துடைத்துக்கூட வைத்துவிட்டாராம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடமாற்ற உத்தரவு வந்த அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்காது. சாப்பாட்டு மேசையில் அதை வைத்தேன். முழுக்கப் படித்தீர்கள். போகிறாயா என்று கேட்டீர்கள். நான் தண்ணீரை விழுங்கிவிட்டு வாயைத் திறப்பதற்குள், "போகமாட்டாய், நாளைக்கே மறுத்து எழுதிக் கொடுத்துவிடு" என்று சொல்லி, காகிதத்தை மடித்து மறுபடி உறைக்குள் வைத்துவிட்டீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்துகிற மாதிரி அன்பாகத்தான் சொன்னீர்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நிமிஷம் வரைக்கும் போகிற எண்ணமே எனக்குக் கிடையாது.

நீலம் எனக்குப் பிடிக்கும் என்று யார் சொன்னது? கல்யாணமான புதிதில் துணிக்கடையில் நீங்கள்தான் கடைக்காரரிடம் சொன்னீர்கள். அன்றிலிருந்து நீலம்தான்.

ஒரு தடவை நீங்கள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னத் தராசு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி வாசலிலேயே நிறுத்தினீர்கள். முள் ஆடிக்கொண்டிருந்தது. அது தானாக ஆடி அடங்கும் வரைக்கும் நீங்கள் மூச்சுகூட விடவில்லை. நடுவில் பார்த்தால் தப்பாகக் காட்டும் என்று பிறகு சொன்னீர்கள். இந்த மனுஷருக்கு இவ்வளவு பொறுமையா என்று மலைத்துப்போனேன். அதில் ஒரு சிட்டிகைகூட வீட்டுக்கு வந்ததில்லை.

திரும்பி வருவாய் என்று எழுதாதீர்கள். வரமாட்டாய் என்றும் எழுதாதீர்கள்.

நான்

நவம்பர் 20

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். நான்கு பக்கம். வரிசை எண் இட்டு, ஒவ்வொன்றுக்கும் விளக்கம். அதை அனுப்பவில்லை.

இப்போது கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குச் செல்கிறேன். ஏழாம் வகுப்பு. நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஜன்னலோரத்தில் ஒரு பெண் உட்காருவாள். வகுப்பாசிரியர் முதல் நாளே என்னிடம், அவள் வாய் திறக்கமாட்டாள், அவளை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தார். சென்ற புதனன்று எங்கள் பேராசிரியை பாடம் பார்க்க வந்திருந்தார். கடைத் தராசை ஆண்டுதோறும் ஏன் சரிபார்க்க வேண்டும் என்று நான் கேட்டதும், என் கை எப்படியோ அந்தப் பெண்ணை நோக்கி நீண்டுவிட்டது. அவள் எழுந்தாள். உடனே நாலா பக்கமும் கை உயர்ந்தது. "அவ பேசமாட்டா சார், நான் சொல்றேன்" என்றார்கள். முன் பெஞ்சில் ஒருவன் பாதி விடையைச் சொல்லியும் விட்டான்.

விடை என் நாக்கு நுனியில் இருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். அவளையும் உற்றுப் பார்க்கவில்லை. கரும்பலகை ஓரத்தில் நின்றுகொண்டேன். அடுத்த அறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்து நின்றது. உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக அலுத்துப்போய் இறங்கின. அதற்குப் பிறகும் சற்று நேரம் ஆயிற்று.

"தெரியாது சார்" என்றாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. "சார், பேசிட்டா" என்றான் முன் பெஞ்சுக்காரன். நான் நன்றி சொல்லி அவளை உட்காரச் சொன்னேன். மணி அடித்துவிட்டது. பாடக் குறிப்பில் நான் எழுதியிருந்ததில் பாதியைக்கூட நடத்தி முடிக்கவில்லை.

பேராசிரியை எழுதியது: "பாடம் முடிவடையவில்லை. மாணவர்கள் இருந்தார்கள்."

அந்த ஒரு சொல்லை அவளுக்காக வேறு எவரும் சொல்லியிருக்க முடியாது என்று வீடு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

உன்னிடம் ஒரு வினா.

நீ திரும்பி வர விரும்புகிறாயா?

இங்ஙனம்,
உன் கணவன்

ஜனவரி 18

அன்புள்ள உங்களுக்கு,

கேள்விக்குக் கீழே, உங்கள் கையெழுத்தைத் தவிர, காகிதம் வெறுமையாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பதில் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். அங்கேயும் இல்லை. உறையை உதறிக்கூடப் பார்த்தேன்.

அடுத்த கடிதத்தில் வந்துவிடும் என்று டிசம்பர் முழுக்கத் தபால்காரரை எதிர்பார்த்தேன். வரவில்லை. அப்புறம்தான் எனக்குப் பயமே வந்தது. நானேதான் சொல்லியாக வேண்டும் போலிருக்கிறதே என்று.

தெரியாது. இதுதான் என் பதில்.

பிகுவுக்காகச் சொல்லவில்லை. உங்களைத் தண்டிக்கிறதற்காகவும் இல்லை. இங்கே ஜன்னலும் சைக்கிள் கடையும் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாரிடமும் எதையும் சொல்ல முடியாமல் கஷ்டமாகவும் இருக்கிறது. இரண்டும் மாறி மாறி வருகின்றன. எது கனம் என்று இன்னும் தெரியவில்லை. படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. எனக்கு வேண்டிய கட்டம் இல்லாததால் கொடுக்கவில்லை. கொடுக்காதவர்களை இருக்கிற இடத்திலேயே இன்னும் ஒரு வருஷம் வைத்துவிட்டு மறுபடி கேட்பார்களாம்.

போன வாரம் ஒரு துணிக்கடைக்குப் போனேன். என்ன கலர் வேண்டும் என்று கேட்டார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மேசை முழுக்க விரித்துப் போட்டுவிட்டார்கள். ஆற அமரப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். கடைக்காரர் முணுமுணுத்தார். எனக்கு நன்றாக இருந்தது.

ஏப்ரலில் பத்து நாள் விடுப்பு சேர்ந்திருக்கிறது. எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை.

அந்தப் பெண் அப்புறம் பேசினாளா?

இப்படிக்கு,
விடுப்பில் இருக்கும் மனைவி

பிப்ரவரி 6

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில்: பேசினாள். பயிற்சியின் கடைசி வாரம் வகுப்புக்கு எடைக்கற்களைக் கொண்டுபோயிருந்தேன். வரிசையில் வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் முறை வந்தபோது, "கையில வாங்கிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டாள். கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நிற்கட்டும் என்று விட்டேன்.

தேர்வு மார்ச் மாதம். பட்டாசு எனக்கு உளவியல் சொல்லித்தருகிறாள். நான் அவளுக்குப் புள்ளியியல். கேள்வி கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மற்றவர்களிடம் விசாரித்தாளாம்.

ஏப்ரல் விடுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

உன் தொண்டை எப்படி இருக்கிறது?

கிழக்கு அறையின் நீலத்தைச் சுரண்டி எடுத்தாயிற்று. அடிப்பூச்சு மட்டும் அடித்து நிறுத்தியிருக்கிறோம். பெயின்டர் ஏணியிலிருந்து இறங்கி, அடுத்து என்ன கலர் சார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சென்ற முறை வண்ண அட்டையின் எண்ணையே சொல்லி அனுப்பியவன் நான். டப்பாவை மூடிக்கொண்டே, "அப்ப வீட்டம்மாவக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

கேட்டிருக்கிறேன் என்றேன்.

இங்ஙனம்,
உன் கணவன்