ஆளில்லாத சீட்

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர் வரிசை எஸ்டேட் லைன் வீடுகள் இருக்கின்றனவா என்பதே சந்தேகம். குக்கர் சத்தம் கேட்டதால் இருக்கின்றன. சாக்ஸ் காயவில்லை, ஈரத்தோடு போட்டுக்கொண்டேன். மண் சரிந்த இடத்துக்கு அந்தப் பக்கமே பஸ் நின்றுவிடுகிறது. இன்றும் நடைதான்.

அப்பா வீட்டில். வேலை நாளில் அவர் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை போல இல்லை. எங்கே உட்காருவது என்று தெரியாதவர் போல இருக்கிறார்.

போன வாரம் சரிந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோது மேலிருந்து மறுபடியும் இறங்கி, அவருடைய பொக்லைன் கேபின் கதவு வரை வந்துவிட்டது. எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக வெளியே வந்தார். அதன் பிறகு அங்கே ஆபரேட்டரை ஏற்றக்கூடாது என்று உத்தரவு. கான்ட்ராக்டர் நாளை வேறு வண்டி கொண்டு வருகிறாராம். ஆளே இல்லாமல் ஓடுமாம்.

அம்மா: "ஆளில்லாம எப்பிடீங்க ஓடும்?"

அப்பா: "டிவி ரிமோட்டுல மாறறதில்லையா? அப்பிடித்தான்."

பிறகு டீயை ஊதிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். இங்கே அது ஒழுங்காக ஓடிவிட்டால் மாதக் கடைசியோடு அவருடைய வண்டியை நிறுத்திவிடுவார்களாம். டீ ஏற்கெனவே ஆறியிருந்தது. ஆனாலும் ஊதினார்.

நூலகப் புத்தகத்தை வெள்ளிக்குள் திருப்பித் தர வேண்டும். ஆழ்கடல் உயிரினங்கள். ஆக்டோபஸின் ஒவ்வொரு கையும் கொஞ்சம் தனியாக யோசிக்குமாம். நம்பவே முடியவில்லை. நம்ப ஆசையாக இருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

வந்துவிட்டது!

பனிக்குள் மஞ்சளாக ஒரு கை மட்டும் உயர்ந்தது. உடம்பு தெரியவில்லை. கடலடியில் ஏதோ ஒன்று தூக்கம் கலைந்து கை நீட்டுவது போல. பனி விலகியபோது கேபினைப் பார்த்தேன். சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அதில் யாருமே உட்கார்ந்ததில்லை.

நாலாம் வகுப்புப் பையன்கள்: "பேய் ஓட்டுதுடா!"

எங்கள் ஊரில் பொக்லைன் தோண்டினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் பார்ப்பார்கள். இன்று கேட்கவே வேண்டாம். கயிறு கட்டி நிறுத்தினார்கள்.

இன்ஜினியர் ஒரு பெண். நிவேதா அக்கா, கோயம்புத்தூர். மழைக்கோட்டு, கழுத்தில் மாட்டிய டேப்லெட், ஷூவெல்லாம் சேறு. எனக்கு அவரைப் போல ஆக வேண்டும். (இதைப் பிறகு யோசிக்க வேண்டும்.)

தைரியமாகக் கேட்டேன். "கிட்ட யாராச்சும் போயிட்டா என்னங்கக்கா ஆகும்?"

"நின்னுரும். மனுசங்க, மாடு, யாரா இருந்தாலும் சரி. அவங்க தள்ளிப் போறவரைக்கும் அசையாது."

"அதுக்குச் சலிக்காதுங்களா?"

சிரித்துவிட்டார். "நல்லாக் கேக்கறே. இங்க பாரு." திரையில் சரிவு முழுவதும் பச்சைக் கோடுகள். கயிற்றோரம் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள். "இதுதான் நீ."

வீடு வரும் வழியெல்லாம் நான் மஞ்சள் புள்ளி.

அப்பாவிடம் சொல்ல ஆசை. சொல்லவில்லை. அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தன் வண்டியின் மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். புது வண்டியின் பக்கெட் திரும்பும்போதெல்லாம் அவருடைய வலது கை தொடையோரம் கொஞ்சமாகச் சாய்ந்து நிமிர்ந்தது, லீவர் பிடித்திருப்பது போல. அது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

தூறல். வேதியியல் நோட்டு நனைந்தது.

காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் டேப்லெட் விஷயத்தைச் சொன்னேன். சரோஜா அக்காவும் அம்மாவும் சேர்ந்துதான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவார்கள். இலைக்கு விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் எல்லா நாளும் வேலை இல்லை. இருக்கிற நாளிலும் இலை வெட்டுகிற மெஷின் வந்துவிட்டதால் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள். நான் எதைச் சொன்னாலும் கொட்டாவி விடுகிறவர் இன்று குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"நின்னே போயிருமா? மாடு போனாக்கூடவா?"

"ஆமாங்கக்கா."

"அப்ப எங்களாட்டம் எருமைக போனா?" விழுந்து விழுந்து சிரித்தார்.

சாயங்காலம் பார்த்தால்! தலையில் கொழுந்துப் பையோடு பெண்கள் ஒவ்வொருவராகக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடக்கிறார்கள். ஒருவர் தாண்டியதும் வண்டி அசையும். உடனே அடுத்தவர். சரோஜா அக்கா நடுவில் உட்கார்ந்து செருப்பில் கல் எடுக்கிறார். வராத கல்.

கான்ட்ராக்டர் கத்தினார்: "ஏம்மா, ரோடு என்ன உங்கப்பன் ஊட்டுதா?"

"பஸ்ஸு வராத ரோடு எங்களுதுதானுங்க. நாங்கதான நடக்கறோம்."

"வேணும்னே பண்றீங்க!"

"அய்யோ, பழனி அண்ணன் வண்டின்னா ஹாரன் அடிச்சே தொரத்திப்போடும். இதுதானுங்க பொம்பளைகளுக்கு மரியாத குடுக்குது."

பழனி அண்ணன் என்றது அப்பாவை. எல்லோரும் சிரித்தார்கள். நானும். யாரோ மாட்டைக்கூடக் கொண்டுவந்தார்கள். மாடு போக மறுத்து அங்கேயே சாணி போட்டது.

நிவேதா அக்கா டேப்லெட்டில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னது நான்தான் என்று தெரிந்திருக்குமோ?

கான்ட்ராக்டர் அப்பாவிடம் வந்து, "பழனி, கயித்துக்கிட்டக் கொடி புடிச்சு நிக்க ஒரு ஆள் வேணும். நிக்கறயா?" என்றார். அப்பா தன் வண்டிப் பக்கம் நடந்தார். அத்தனை வருடம் வண்டி ஓட்டியவரிடம் கொடி. எனக்குக் காது சுட்டது.

சாதம் வடிக்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அந்தச் சீட்டுல ஆளில்லீன்னா எனக்கு நிம்மதியாத்தான் இருக்குது கண்ணு. அன்னிக்கு மண்ணு எறங்கறப்ப மேல் காட்டுல நின்னு பாத்துட்டிருந்தேன். உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாத."

அம்மா பார்த்தாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

அப்படியானால் எது ஜெயிக்க வேண்டும்? யார் பக்கம் நான்? மூன்று பதில் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கனமழை எச்சரிக்கை. பள்ளிக்கூடத்தை அரை நாளில் விட்டுவிட்டார்கள். நூலகம் பூட்டியிருந்தது, புத்தகம் இன்னும் என்னிடம்.

இன்று அந்த வண்டி சரிவுக்கு மேலே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். இருட்டுவதற்குள் முடியாவிட்டால் எல்லாம் எங்கள் லைனுக்குத்தான் வரும். ஆனாலும் பெண்கள் நேற்றைப் போலவே வரிசையாக. இன்று யாரும் ஜோக் அடிக்கவில்லை. வண்டி நின்று, அசைந்து, நின்று.

அப்பா வீட்டிலிருந்து வந்தார். நேராகக் கான்ட்ராக்டரிடம் போய்க் கையை நீட்டினார். சிவப்புக் கொடி.

"சரோஜா, போதும். வா அக்கட்ட."

"உங்களுக்காகத்தானுங்ண்ணா."

"தெரியும் அம்மிணி. தண்ணி வந்தா மொதல்ல உன்ற ஊட்டுக்குள்ளதான் வரும். வா."

சரோஜா அக்கா பையை இறக்கி, மறுபடி தூக்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்தார். மற்றவர்களும்.

வண்டி அசையவில்லை.

நிவேதா அக்காவின் குரல்: "உள்ள இன்னும் ஒருத்தர் இருக்காங்க!"

அது நான்.

திட்டமிட்டுப் போகவில்லை. கொழுந்து எடுக்காமல் விட்டு மரமாகிப்போன தேயிலைச் செடிகள் அங்கே உண்டு. அதற்குள் நின்றிருந்தேன். பனி இறங்கி எல்லாம் வெள்ளை. கயிறு, குரல்கள், ரோடு, எதுவும் இல்லை. எனக்கு மேலே அந்தக் கை. பக்கெட்டின் பற்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அது காத்திருந்தது. கேபின் கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் போட்ட சீட். நான் நின்றால் அப்பாவின் சீட் நிலைக்கும். நான் நின்றால் தண்ணீர் வரும். ஒரு கை ஒன்றை யோசித்தது, இன்னொரு கை இன்னொன்றை. கால் மட்டும் எதையும் யோசிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பயமே இல்லை. கடலடியில் இப்படித்தான் இருக்கும்.

பனிக்குள் முதலில் கொடி வந்தது. பிறகு அப்பா.

திட்டுவார் என்று நினைத்தேன்.

"பயந்துட்டியா?"

"இல்லீங்கப்பா."

"நிக்கும்னு தெரிஞ்சுதான வந்தே?"

தலையாட்டினேன்.

அப்பா நிமிர்ந்து பக்கெட்டைப் பார்த்தார். என் தலையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்தார். "என்ற வண்டிக்கு முன்னால இப்பிடி நின்னிருந்தீன்னா, இந்தப் பனில எனக்குத் தெரிஞ்சிருக்காது கண்ணு."

கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் என் கையைப் பிடித்தார். நடந்தோம். கயிற்றைத் தாண்டியதும் பின்னால் இன்ஜின் சத்தம் உயர்ந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த கை மட்டும் மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. என் கையும் கூடவே சாய்ந்தது. பின்னால், பனிக்குள், பக்கெட் திரும்பியது.