வெட்டப்பட்ட பயிற்சி அட்டைகளும் மேலாளர் எக்வாலின் சமத்துவமும்

அனுப்புநர்:
குன்வோர் லின்ட்மார்க்,
9, ஆற்றோரத் தெரு,
நோர்செலே.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
சமூகநலக் குழு,
நோர்செலே நகராட்சி.

பொருள்: பக்கவாதத்தால் படிக்கும் திறனை இழந்த என் கணவர் தூரேயின் பயிற்சி அட்டைகள் பாழாக்கப்பட்டமை – அக்டோபர் 14 தேர்வுக்கு முன் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் முப்பத்தொரு ஆண்டுகள் இந்நகராட்சியின் பனியகற்றும் கலப்பை வண்டியை ஓட்டியவர். குளிர்காலத்தில் தாங்கள் நேரத்துக்கு அலுவலகம் வந்து சேர்ந்ததெல்லாம் அவர் தயவில்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் ஒரு சொல்லும் படிக்க முடியவில்லை; நகராட்சியின் பயிற்சிப் பிரிவில் மீண்டும் படிக்கப் பழகிவந்தார்.

2. நோர்செலேயில் நாம் பேசும் மொழியில் மூன்று நான்கு சொற்கள் இடைவெளியின்றி ஒட்டி ஒரே நீளச் சொல்லாகும். முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இதை இங்கே எழுத நேர்வது, பயிற்சிப் பிரிவு மேலாளர் திரு. ரோலண்ட் எக்வாலை முன்னிட்டே. பயிற்சியாளர் ஸிக்னே நீளச் சொற்களை அட்டையில் எழுதி, சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில் மட்டுமே வெட்டுவார். இரு சொற்களை இணைக்க நடுவில் ஒட்டாக வரும் எழுத்தை முன்துண்டோடு விட்டு, சிவப்புப் பென்சிலால் காட்டுவார். அசை பிரியும் இடத்தில் வெட்டமாட்டார்; சிறு புள்ளி, அவ்வளவே. மே மாதம் என் கணவர் ‘பனி’, ‘கலப்பை’, ‘ஓட்டுநர்’ என்ற மூன்று துண்டுகளைத் தாமே சேர்த்து, தம் வேலையின் பெயரை வாய்விட்டுப் படித்தார். நான் அழுதுவிட்டேன்.

3. ஜூலையில் ஸிக்னே விடுமுறையில் இருந்தபோது திரு. எக்வால் புதிய பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கினார். நீளத் துண்டுகள் அவற்றில் நுழையவில்லை. பெட்டியை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காபி இடைவேளையில், பன்னைக் கடித்தபடி, எல்லா அட்டைகளையும் நான்கு நான்கு எழுத்தாக வெட்டிவிட முடிவாயிற்று. யாரும் வாய் திறக்காததால் அது ஒருமனதான முடிவு என்று குறிப்பேட்டில் உள்ளது.

4. திரு. எக்வாலை நேரில் கேட்டேன். “ஒருத்தருக்குப் பெருசு, ஒருத்தருக்குச் சிறுசுன்னு கொடுத்தா நல்லாவா இருக்கும், குன்வோர்? எல்லாத் துண்டும் ஒரே அளவு. இதுதான் சமத்துவம்” என்றார். விடுமுறை முடிந்து வந்த ஸிக்னே, “சொல்லை வெட்டச் சொன்னா கைமா பண்ணி வெச்சிருக்கீங்களே!” என்றதற்கு, பேச்சில் மரியாதை வேண்டும் என்று திரு. எக்வாலிடமிருந்து அவருக்கு எழுத்துமூலம் அறிவுரை போனது. அறிவுரை வழங்கும் தகுதியை இவர் எங்கே பெற்றார் என்பது எனக்கு விளங்கவில்லை.

5. செப்டம்பர் 22 முன்தேர்வில், பனியின் வாலோடு கலப்பையின் தலை ஒட்டிக் கிடந்த அந்தத் துண்டுகளை என் கணவர் முன் கொட்டினார்கள். அரைமணி நேரம் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். “முன்னேற்றத்துக்கு வாய்ப்பில்லை” என்று எழுதி, திரு. எக்வால் அறிக்கையை வீட்டுக்கே அனுப்பினார். உறையைப் பிரித்தவர் என் கணவர். நீளச் சொற்களைச் சேருமிடம் பார்த்து விரலால் மறைத்து மறைத்து, கால்மணி நேரத்தில் அந்த வரியைத் தவறில்லாமல் படித்துவிட்டார். அதன்பின் அவர் எந்தத் தாளையும் தொடுவதில்லை.

6. அக்டோபர் 14 இறுதித் தேர்விலும் இதே துண்டுகள்தானாம். தோற்றால் பயிற்சி நிறுத்தப்படும். ஆகவே, ஸிக்னே புதிதாக வெட்டித் தரும் அட்டைகளைக் கொண்டே தேர்வு நடத்த ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அது இயலாதெனில், பத்துச் சொற்களின் துண்டுகளைக் கலந்து முதலில் திரு. எக்வால் முன் கொட்டி, அதே அரைமணியில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்துவிட்டால் இம்மனுவைத் திரும்பப் பெறுகிறேன். முடியாவிட்டால், என் கணவரைப் பற்றி எழுதிய அதே வரியை அவருடைய கோப்பிலும் எழுதித் தாங்களே கையொப்பமிடுங்கள்.

இடம்: நோர்செலே
நாள்: அக்டோபர் 3

இப்படிக்கு,
குன்வோர் லின்ட்மார்க்
(ஒப்பம்)