அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க

மே 11, ஞாயிறு

அம்மா இன்றும் மேல்மாடிக்குப் போனார். அங்கே இருக்கும் மஸாஹிரா அம்மாவின் கணவர் ஜனவரியில் மௌத்தானார். கணவர் இறந்த துக்கத்துக்கு அந்த அம்மா இத்தா இருக்கிறார். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக்கூடாது. மகன் ஷாமில் கட்டாரில். அதனால் மீனும் மரக்கறியும் அம்மாதான் வாங்கிக் கொடுக்கிறார். அப்பா போன பிறகு ஒரு வருடமாக கொட்டாஞ்சேனை மார்க்கெட் பக்கமே போகாத அம்மா. சோறு வடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அம்மா.

கூடையை வைத்துவிட்டு, “பழைய மீனைத் தலையில கட்டப் பாத்தான். சிங்களத்துலயே நல்லா ஏசிட்டேன்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 1

சாப்பிடும்போது அம்மா கேட்டார். “மேல அக்காவுக்கு இந்தக் கெழமையோட இத்தா முடியுதாம். நம்மளுக்கு எவ்வளவு நாளு?”

“எதுக்கு?”

“நீதானே கெம்பஸ் போனவ. நம்மளுக்கு எப்ப முடியும்?”

நமக்கு அப்படிக் கணக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

“கணக்கு இல்லன்னா? முடியவே முடியாதா?”

பருப்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

பெண்களின் உரிமை பற்றிப் பல்கலைக்கழகத்தில் முழுக் கட்டுரை எழுதி ஏ எடுத்தவள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். ‘இப்பவே முடிஞ்சிருச்சும்மா’ என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்?

ஜூன் 14

வேலை முடிந்து வந்தபோது அம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பச்சைச் சேலை. நெற்றியில் பொட்டு.

அது புதியதல்ல. அப்பா இறப்பதற்கு முதல்நாள் இரவு அம்மா கழற்றிக் கண்ணாடி மூலையில் ஒட்டிவைத்த பொட்டு. கருமாதியன்று சொந்தக்காரப் பெண்கள் எல்லாவற்றையும் எடுத்தார்கள், அதை மட்டும் மறந்துவிட்டார்கள். தூசி துடைக்கும்போது நானும் அதைச் சுற்றித்தான் துடைப்பேன்.

“பசை போயிருச்சு. சோத்துப் பருக்கையால ஒட்டினேன்” என்றார். “நல்லா இருக்கா?”

நன்றாக இருந்தது. “இப்படியேவா வெளியில போகப்போறீங்க?” என்றுதான் கேட்டேன்.

போனார். மஸாஹிரா அம்மாவும் அவரும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், ரயில் பாதையைத் தாண்டிக் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தார்களாம். என் அலுவலகம் இருக்கும் அதே வெள்ளவத்தை. வேறு கடலே இல்லையா இந்த ஊரில்?

கீழ்வீட்டு பேர்னாட் அங்கிள் படியில் பிடித்துக்கொண்டார். “அம்மாவ இப்ப வீட்டில பிடிக்கவே ஏலாது. லொத்தர் ஏதும் விழுந்ததோ?”

“கோயிலுக்குப் போயிருக்காங்க அங்கிள்.”

ஜூன் 23, திங்கள்

என்னோடு வேலை செய்யும் சுமன் எங்கள் அப்பாவின் சாவீட்டுக்கு வந்தவர், அம்மாவைத் தெரியும். இன்று எல்லோரும் தேநீர் குடிக்கும்போது சொன்னார், “சனிக்கிழமை பின்னேரம் உங்கட அம்மாவ பீச்சில கண்டனான். ஒரு முஸ்லிம் அம்மாவோட. சின்னப் பிள்ளையள் மாதிரி அலைக்கு ஓடினவை.”

அவர் கேலி செய்யவில்லை. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“எங்க அம்மாவா இருக்காது. அவங்க கோயிலுக்குப் போனாங்க. வேற யாரோ” என்றேன்.

ஜூன் 24

வேற யாரோ. நான்தான் சொன்னேன்.

ஜூலை 6

இன்றே எழுதிவிட வேண்டும்.

முதல் மாடி நிஷாந்திக்கு இன்று கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளை வந்து இறங்கியாயிற்று. ஆரத்தி எடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவரைக் காணவில்லை. பண்டாரவளையிலிருந்து வந்திருந்த நிஷாந்தியின் சித்திக்கு எங்களைத் தெரியாது. பச்சைச் சேலையையும் பொட்டையும் பார்த்தார். “அக்கா, நீங்க வாங்க, இதப் புடிங்க” என்று தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டார்.

அம்மா தயங்கினார். சுற்றிப் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை. நிஷாந்தியின் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பிறகு அம்மா தட்டை இரண்டு கையாலும் ஏந்தினார். அந்த முகம் — கற்பூர வெளிச்சத்தில்.

நான் போய்த் தட்டைப் பிடித்தேன். “குடுங்கம்மா. நீங்க வேணாம்.”

மெல்லத்தான் சொன்னேன். ஆனால் மேளம் அப்போதுதான் நின்றிருந்தது. மாப்பிள்ளையின் தாய், “ஏன், என்னா?” என்றார். யாரோ அவர் காதில் சொன்னார்கள். ஆரத்தித் தண்ணீர் என் கையில் சிந்தியது.

அம்மா சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

நாளைக்கு அந்த வீட்டில் ஒரு தலைவலி வந்தாலும் அம்மாவைத்தானே சொல்வார்கள், அதனால்தான் — என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். வாய் திறக்காதவள், வகுப்பில் கேள்வி கேட்கக்கூடக் கூச்சப்பட்டவள், இதற்கு மட்டும் எப்படி முன்னால் போனேன்? அம்மா சந்தோஷமாக நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூலை 7

பொட்டு மறுபடி கண்ணாடி மூலையில்.

ஜூலை 13

அம்மா ஒரு வாரமாய் வெளியே போகவில்லை. என்னோடு கோபமுமில்லை. தேநீர் தருகிறார், குடை எடுத்துப் போ என்கிறார். ஏசினால் நல்லது.

மஸாஹிரா அம்மா இறங்கி வந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். என்னிடம் சொன்னார், “எனக்கு இத்தா இரி எண்டு சொல்ல மார்க்கம் ஈக்கி மகள். முடிஞ்சி, எழும்பிப் போ எண்டு சொல்லவும் மார்க்கம் ஈக்கி. ஒங்கட உம்மாக்கு யார் சொல்ற?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“நான் கறி ஆக்கப் போறேன். உம்மா குளிச்சி வந்தா சொல்லுங்க, இனி மீன நானே வாங்குவேன், எனக்கு வேலக்காரி தேவல்ல, கூட வார ஆள்தான் தேவ எண்டு.”

ஜூலை 19

வெள்ளவத்தையில் ஒரு பாக்கெட் பொட்டு வாங்கினேன். சிவப்பு, நடுத்தர அளவு. கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். வாயால் கேட்கக் கூச்சம்.

அம்மா பார்த்தார். “நீ புடுங்குனா எடுக்கணும், நீ வாங்கிக் குடுத்தா வைக்கணுமா?”

அவ்வளவுதான். தேங்காய் துருவப் போய்விட்டார்.

சரிதானே. மன்னிப்பைக்கூட நான் கடையில் வாங்கி வந்திருக்கிறேன்.

ஜூலை 27

சொல்லிவிட்டேன். மண்டபத்தில் செய்தது பிழை என்றேன், எதைப் பொறுக்காமல் செய்தேன் என்றும் சொன்னேன். பிறகு அம்மாவுக்குத் தெரியாததையும். பேர்னாட் அங்கிளிடம் சொன்ன பொய், சுமன் சொன்னது, நான் சொன்ன பதில். அழுததில் பாதி வார்த்தை விளங்கியிருக்காது.

அம்மா வெங்காயம் உரித்தபடியே கேட்டார். “வேற யாரோன்னா சொன்ன?”

“ஓம்.”

அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

“அன்னைக்குத் தண்ணியில நிக்கிறப்ப எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. வேற யாரோ நிக்கிற மாதிரி.” பிறகு, “அவள எனக்குப் புடிச்சிருந்துச்சு” என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

அரைநாள் வேலை. வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. இந்த வீட்டில் எனக்குச் சாவியே கிடையாது. எப்போதும் அம்மா திறப்பார்.

படியில் உட்கார்ந்தேன். பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்த பேர்னாட் அங்கிள் என்னைக் கண்டு ஏறி வந்தார்.

“என்ன, வெளியில போட்டுப் பூட்டிற்றாவோ? அம்மா கோயிலுக்கோ?”

முகம் சூடானது. இன்னும் சூடாகத்தான் செய்கிறது, என்ன செய்ய.

“இல்ல அங்கிள். கடலுக்குப் போயிருக்காங்க.”

“கடலுக்கோ?”

“ஓம். மஸாஹிரா அம்மாவோட. தண்ணியில நிக்க.”

அவர் என்னைப் பார்த்தார், பாணைப் பார்த்தார். “காத்து நல்லதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருட்டும் நேரத்தில் சிரிப்பு முதலில் ஏறி வந்தது, பிறகு இரண்டு பேரும். அம்மாவின் பச்சைச் சேலை முழங்கால்வரை ஈரம். “எவ்வளவு நேரமா இருக்க?” என்று கேட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் தந்தார்.

நான் கதவைத் திறந்தேன். நான் வாங்கிய பாக்கெட் கண்ணாடிக்குக் கீழே பிரிக்காமல் அப்படியே கிடந்தது. கண்ணாடி மூலை வெறுமையாக இருந்தது. அம்மா விளக்கைப் போட்டபோது பார்த்தேன், அவர் நெற்றியில் பொட்டின் ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தது.

துடைத்துவிடக் கை போனது. துடைக்கவில்லை.